சொம்பு அண்ணாச்சியின் நாக்கு

தண்ணீரை ருசி பார்த்துவிட்டுக் குழாய் விற்ற மனிதர் திருநெல்வேலியில் ஒருவர்தான் இருந்தார். திருநெல்வேலியில் என்று அடக்கத்துக்காகச் சொல்கிறேன். உலகத்திலேயே அவர் ஒருவர்தான். எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார் என்று யாராவது கிளம்பினால் நான் நம்பத் தயாராக இல்லை.

அவரை எல்லோரும் சொம்பு அண்ணாச்சி என்போம். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாருக்கும் தெரியாது. டவுனில் தேரோடும் வீதியிலிருந்து பிரிகிற சந்தின் முனையில் கடை. கடைக்கு மேலே பலகையில் 'இங்கு குழாய் சாமான்கள் கிடைக்கும்' என்று எழுதியிருக்கும். அது முழு உண்மை இல்லை. கிடைக்குமா கிடைக்காதா என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீட்டுக்குக் குழாய் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு குழப்பம்தான். ஜி.ஐ. என்கிற, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயா, அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயா? மற்ற கடைகளில் கேட்டதை எடுத்துக் கொடுப்பார்கள். அண்ணாச்சி கடையில் அது நடக்காது. வீட்டுத் தண்ணீர் எங்கே என்று கேட்பார். கொண்டுவரவில்லை என்றால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தத் தண்ணீரும் வீட்டில் அன்றாடம் புழங்குகிற சொம்பில்தான் வர வேண்டும். பாட்டிலில் கொண்டுவந்தால் ருசி மாறிவிடுமாம். தூக்குவாளியில் வந்தால் வாளி வாடை அடிக்குமாம். ஓர் அதிகாரி வீட்டிலிருந்து ஜீப்பில் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் வந்தது. அதை அவர் தொடக்கூட இல்லை. இதனால் கடை வாசலில் எப்போதும் நாலைந்து ஆண்கள் கையில் சொம்போடு வரிசையாக நிற்பார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் அவசரமாக வந்து, இது வேறு எதற்கோ உள்ள வரிசை என்று நினைத்துக் கடைசியில் நின்றுகொண்டு, முன்னால் நின்றவரிடம் உள்ளே எத்தனை பேர் என்று கேட்ட கதையை டவுனில் இன்றைக்கும் சொல்வார்கள்.

வரிசை நகர்ந்து நம் முறை வந்ததும் அண்ணாச்சி வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டு நன்றாகக் கொப்பளிப்பார். சொம்பை வெளிச்சத்துக்குச் சாய்த்து உள்ளே ஒரு பார்வை பார்ப்பார். பிறகு அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடுவார். தண்ணீர் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போகும், திரும்பி வரும். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. சைக்கிள் மணி அடித்தாலே ஒரு கண்ணைத் திறந்து முறைப்பார். கடைசியில் சாக்கடையில் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தால் ஜி.ஐ., உப்பு ஏறிய தண்ணீர் என்றால் பிளாஸ்டிக். மேல்முறையீடு கிடையாது.

சாத்தான்குளத்திலிருந்து ஒருவர் கிணற்றுத் தண்ணீரோடு வந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் பாதிச் சொம்பு மிச்சமிருந்தது. மீதி பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் இருந்தது. அண்ணாச்சி ஒரு வாய் ஊற்றினார். கண்ணை மூடவே இல்லை, துப்பிவிட்டார்.

“இந்தத் தண்ணியில நெத்திலியப் போட்டீருன்னா சாயங்காலத்துக்குள்ள கருவாடாயிரும்வே. இதுக்கு இரும்பு கேக்கீரு.”

வந்தவருக்குக் கோபம். அவர் கட்டியிருந்தது மாடி வீடு. மாடி வீட்டுக்குப் பிளாஸ்டிக் குழாய் போட்டால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? சொம்பைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்துபோய், எதிர்க்கடைக்காரரிடம் இவருக்கு இரும்பு கொடுக்காதே என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். எதிர்க்கடைக்காரருக்கும் இவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் அவர் இரும்பு கொடுக்கவில்லை. பகை வேறு, தண்ணீர் வேறு என்று இருவரும் வைத்திருந்தார்கள்.

கடைக்குள் ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். நீளமும் அதிகமில்லை. குழாயோ இருபது அடி. ஒரு குழாயை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் அது சந்தைத் தாண்டி வீதிக்குள் பாதி தூரம் நீள வேண்டும். அப்புறம்தான் திருப்ப முடியும். அதுவரை வீதியில் எதுவும் நகராது. சீவலப்பேரி டவுன் பஸ் ஒரு நாள் நின்று ஹாரன் அடித்துப் பார்த்தது. அண்ணாச்சி குழாயின் உள்பக்கத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டு டிரைவரிடம், பைய போகலாம், சீவலப்பேரி எங்கேயும் ஓடிவிடாது என்றார். பஸ்ஸில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவருக்குச் சொம்பு கொடுத்தவர்கள்.

குழாயோடு அவர் விடுகிறதும் இல்லை. யூனியன் வாங்கியே ஆக வேண்டும். இரண்டு குழாய்களைச் சேர்த்து வைக்கவும், வேண்டும்போது திருகிப் பிரிக்கவும் முடிகிற இணைப்புக்குத்தான் யூனியன் என்று பெயர். சாதாரண சாக்கெட் போட்டு முறுக்கிவிட்டால் போதுமே என்று சிக்கனம் பிடிக்கிறவர்களை அவருக்கு ஆகாது.

“பிரிக்க முடியாத மாதிரி எதையும் கட்டப்படாதுவே. நாளைக்கு நடுவுல அடைச்சா என்ன செய்வீரு, செவர இடிப்பீரா?”

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். அண்ணாச்சி தன் தப்பு என்று எதையும் ஒத்துக்கொள்ளாதவர். அவர் சொன்ன குழாய் ஒழுகினால் பிளம்பர் சரியில்லை. பிளம்பர் சரியாக இருந்தால் சுவர் சரியில்லை. சுவரும் சரியாக இருந்தால் வீடு கட்டிய திசை சரியில்லை. கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர் துணிந்து, அண்ணாச்சி நாக்கே தப்பியிருக்கலாம் இல்லையா என்று கேட்டார். அன்றைக்குக் கடையில் வியாபாரம் நடக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் மட்டுமே நடந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் நானும் போனேன்.

எனக்கு அப்போது பாளையங்கோட்டையில் குமாஸ்தா உத்தியோகம். ஊருக்குத் தெற்கே திருச்செந்தூர் ரோட்டை ஒட்டிப் புதிதாக முளைத்த காலனியில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். ஆற்றுக் குடிநீர் அங்கே இன்னும் வரவில்லை. கட்டட வேலைக்காக ஒரு போர் போட்டோம். பக்கத்திலேயே வாடகை வீட்டில் இருந்ததால் வீடு எழும்புகிற வரைக்கும் நாங்களும் அந்தத் தண்ணீரைத்தான் சுமந்து புழங்கினோம். என் மனைவி செல்விக்குச் சேரன்மகாதேவி. வீட்டு வாசலை விட்டு இறங்கினால் தாமிரபரணி என்கிற மாதிரி வளர்ந்தவள். இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை என்று தினமும் ஒரு குறை சொல்வாள். ஆற்றங்கரைக்காரர்களுக்கு வேறு எந்தத் தண்ணீர் பிடித்திருக்கிறது என்று நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

குழாய் வாங்கப் போகிற நாள் வந்தது. சொம்பு ஒன்று எடு, அண்ணாச்சிக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவள் சொம்பை எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கடைத்தெருவுக்குப் போகிற சொம்பு, நாலு பேர் பார்ப்பார்கள், இந்தக் கோலத்திலா அனுப்புவது என்று அதை வாங்கிக்கொண்டு போனாள். புளியும் சாம்பலும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தாள். அது திரும்பி வந்தபோது அதில் என் மீசையைச் சரி செய்துகொள்ளலாம்.

அண்ணாச்சி சொம்பைச் சாய்த்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. ஊற்றினார், கண்ணை மூடினார், துப்பினார்.

“பரவாயில்லையேவே. ரோட்டடியில இப்படித் தண்ணியா? ஜி.ஐ.யே போடும். உம்ம பேரன் காலம் வரைக்கும் கெடக்கும்.”

வீட்டுக்கு வந்து செல்வியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை ஊற்றிக் குடித்துப் பார்த்தாள். உங்கள் அண்ணாச்சிக்கு நாக்குக்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று கேட்டாள். நான் அண்ணாச்சி பக்கம் நின்றேன். சுவருக்குள் இரும்புக் குழாய் போயிற்று. மேலே பூச்சு ஏறியது. குடிவந்தோம்.

என் பேரன் காலத்துக்கு அது காத்திருக்கவில்லை. மூன்றாவது வருஷமே காலையில் குழாயைத் திறந்தால் முதல் வாளி சிவப்பாக வரும். அப்புறம் எந்நேரமும் சிவந்தது. கூடவே வேகமும் குறைந்து, ஒரு குடம் நிறைகிற நேரத்தில் பேப்பர் படித்து முடித்துவிடலாம் என்றாயிற்று. என் வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் காவிக்கு மாறின. ஆபீஸில் சந்நியாசம் வாங்கப் போகிறாயா என்று கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செல்விக்குத் தலைப்பிரசவம். அழைத்துப் போக என் மாமனார் வந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வெயிலில் வந்த மனுஷர் என்று குழாயில் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் அதைக் கருப்பட்டிக் காப்பி என்று நினைத்து ஊதி ஊதிக் குடித்திருக்கிறார். இரண்டாவது மடக்கில்தான் தெரிந்திருக்கிறது. சத்தம் போடுகிறவர் இல்லை. டம்ளரை மூடி வைத்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

“மாப்பிள்ளை, பச்சைப் பிள்ளைய இந்தத் தண்ணியில குளிப்பாட்ட முடியாது. நீங்க குழாயச் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க. அன்னைக்குத்தான் தாயையும் பிள்ளையையும் கொண்டாந்து விடுவேன்.”

பெண் குழந்தை பிறந்தது. ஞாயிறு தோறும் சேரன்மகாதேவிக்குப் போவேன். அவர்கள் வீட்டில் குழந்தையை ஆற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி என் மடியில் போடுவார்கள். அது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் அந்த விரலை உருவிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். மாமனார் பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவார். வழியெல்லாம் குழாய் என்னாயிற்று என்ற ஒரே கேள்விதான். தொட்டியைக் கழுவினேன், மோட்டாரைப் பார்க்கச் சொன்னேன் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. உண்மையில் தொட்டியைக் கழுவினேன்தான். ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் இசக்கி என்கிற பிளம்பரைக் கூப்பிட்டேன். அதிகம் பேசாத ஆள். சமையலறைச் சுவரில் ஓர் இடத்தை உடைத்து, ஒரு துண்டுக் குழாயை அறுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே துருவும் சுண்ணாம்புமாகச் சேர்ந்து ஒரு பென்சில்கூட நுழையாது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. குளியலறையில் கிடந்த அதே பித்தளைச் சொம்பில் சிவப்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நேராக அண்ணாச்சி கடைக்குப் போனேன். வரிசையில் நிற்கவில்லை.

என்னைப் பார்த்ததும் பேரனுக்கு இன்னொரு வீடா என்று கேட்டார். சொம்பை நீட்டினேன். வழக்கம்போல வெற்றிலையைத் துப்பினார், கொப்பளித்தார், சொம்பைச் சாய்த்தார். சாய்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அண்ணாந்து ஊற்றவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இது எந்த வீட்டுச் சொம்புவே?”

“எங்க வீட்டுதுதான். முன்ன நீங்க பாத்தீங்களே, அதே சொம்பு, அதே போர்த் தண்ணி.”

“அப்ப இத விளக்கிக் கொண்டாந்தீரோ?”

இவ்வளவு பெரிய கோளாறுக்கு நடுவில் இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுக்காரி விளக்கிக் கொடுத்தாள், இப்போது அவள் இல்லாததால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது என்றேன். அண்ணாச்சி சொம்பைக் கீழே வைத்தார். வரிசையில் இருந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னார். பட்டப்பகலில் கடைப் பலகைகளை எடுத்து ஒவ்வொன்றாக அடைத்தார். அவர் பகலில் கடை அடைத்து யாரும் பார்த்ததில்லை. எதிர்க்கடைக்காரர் பதறிப்போய், பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் மறந்து யார் வீட்டில் துக்கம் என்று கேட்டார்.

என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, கீழே தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் அதைப் பார்த்து ஏதாவது சொல்கிற மனுஷர். அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்குள் வந்ததும் குழாய்களைப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய்ப் பாத்திர அலமாரி முன்னால் நின்றார். நான் தனியாக இருந்து கழுவி வைத்த லட்சணத்தில் எல்லாப் பாத்திரத்துக்குள்ளும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. ஒரு டம்ளரை எடுத்து நகத்தால் சுரண்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகு சமையலறைப் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தம்பி, நாக்கு என்ன நாக்கு. வெத்தலையும் போயிலையும் போட்டு அது செத்து ரொம்ப வருசமாச்சு. வீட்டுல கொழம்புக்கு உப்பு பத்தலன்னாகூட எனக்குத் தெரியாது. நான் பாக்கது சொம்புக்குள்ள. உப்புத் தண்ணின்னா சொம்பு காட்டிக் குடுத்துரும். உம்ம வீட்டம்மா புளி போட்டுத் தேச்சு அதக் கழுவிவிட்டுட்டா. தங்கமா மின்னுச்சு. நான் ஆத்துத் தண்ணின்னுட்டேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்படியானால் அந்தக் கொப்பளிப்பு, கண்ணை மூடுவது, கன்னத்துக்குக் கன்னம் அனுப்புவது எல்லாம் எதற்கு என்று கேட்டேன். சொம்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்றால் எவன் கேட்பான், வீட்டிலேயே பார்த்துக்கொள்வானே என்றார். ஆண்கள் எல்லாம் குளியலறையில் கிடப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். செல்வி மாதிரி ஒருத்தி நடுவில் புகுவாள் என்று அவர் நினைக்கவில்லை.

பிள்ளை எப்போது வருகிறது என்று கேட்டார். குழாய் சரியாகிற அன்றைக்கு என்றேன். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

சுவரை உடைக்க வேண்டாம் என்று முடிவு செய்தது அவர்தான். உள்ளே கிடக்கிற இரும்பு உள்ளேயே கிடக்கட்டும் என்று அதன் வாயை எல்லாம் அடைக்கச் சொன்னார். தொட்டியிலிருந்து வெளிச்சுவரை ஒட்டி, தடித்த ரகப் பிளாஸ்டிக் குழாய். மெல்லிய ரகம் போட்டால் ஏணி சாய்த்தாலே உடையும் என்றார். மொட்டை மாடியில் வெயில் படுகிற இடத்தில் மட்டும் வெள்ளை பெயின்ட். இல்லாவிட்டால் அப்பளம் மாதிரி ஆகிவிடுமாம். குழாயும், அதை முழங்கை மாதிரி மடக்கிவிடுகிற எல்போவும் சேருகிற இடத்துக்கெல்லாம் பசை. பித்தளைத் திருகுகுழாய் வந்து பொருந்துகிற இடத்தில்தான் அவருக்கும் இசக்கிக்கும் சண்டை வந்தது. சாதாரணப் பிளாஸ்டிக் எல்போ போதும் என்றார் இசக்கி. அண்ணாச்சி மடியிலிருந்து, உள்ளே பித்தளை மரை வைத்த எல்போவை எடுத்துக் காட்டினார். தினமும் திறந்து மூடுகிற இடம், வெறும் பிளாஸ்டிக் மரையில் பித்தளையைத் திருகினால் ஒரு நாள் கையோடு வந்துவிடும், பிள்ளை குளிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வரும் என்றார். இசக்கி அதையே வாங்கி மாட்டினார். மரைக்கு வெள்ளை டேப்பைத் திருகுகிற திசையிலேயே சுற்றவில்லை என்று அண்ணாச்சி அவரை இரண்டு தடவை பிரிக்க வைத்தார். தொட்டிக்குக் கீழே ஒரு யூனியன், சமையலறைக்கு வெளியே ஒரு யூனியன். அதைச் சொல்லவே வேண்டாம்.

“இரும்பு வித்து வளந்தவன், இந்தப் பிளாஸ்டிக்கக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கேன்,” என்று புலம்பிக்கொண்டே எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார்.

பசை காய ஒரு நாள் முழுக்க விட வேண்டும், அதுவரை தண்ணீர் திறக்கக் கூடாது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. சேரன்மகாதேவிக்குச் சேதி அனுப்பியாயிற்று, மறுநாள் நல்ல நேரம் பார்த்து அவர்கள் கிளம்புகிறார்கள். ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாமே என்றேன்.  அவர் மறுநாள் காலையில் குடையோடு வந்து மொட்டை மாடியில், தண்ணீரை அடைத்துத் திறக்கிற கேட் வால்வு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் காப்பி கொண்டுபோனாலும் வால்வின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. தயிர்ச் சோறு கொண்டுபோனபோது இடது கையை வால்வில் வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் வாடகைக் கார் வந்து நின்றது. செல்வி குழந்தையோடு இறங்கினாள். மாமனார் பையை வண்டியிலிருந்து எடுக்கவே இல்லை. முதலில் குழாய் என்றார். கார் டிரைவரும் என்ஜினை அணைக்கவில்லை. நான் மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன். அண்ணாச்சி வால்வைத் திறந்துவிட்டு இறங்கி வந்தார்.

எல்லோரும் குளியலறை வாசலில் நின்றோம். நான் திறந்தேன். குழாய் இரண்டு தடவை இருமியது. கொஞ்சம் பிளாஸ்டிக் தூள் வந்தது.  பிறகு தண்ணீர் வந்தது. வாளியின் அடி தெரிகிற தண்ணீர். மாமனார் கையில் பிடித்துப் பார்த்தார், ஒரு மடக்குக் குடித்தார். உப்புத்தான், ஆனால் தெளிவாக இருக்கிறது, அடுப்பில் காய்ச்சிக் குளிப்பாட்டலாம் என்றார். டிரைவரிடம் பையை இறக்கச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறியிருக்கிறேன்.

ஆனால் அவர் வாத்தியார். அதோடு விடுவாரா? இவ்வளவு உப்பான தண்ணீருக்கு இரும்புக் குழாய் போடச் சொன்ன மேதை யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். அப்பாவிடம் பெருமையாகவே சொன்னாள்.

“நாந்தாம்பா சொம்புல தண்ணி குடுத்துவிட்டேன். அழுக்குச் சொம்பு போகப்படாதுன்னு புளி போட்டு நல்லா விளக்கி...”

அண்ணாச்சி சட்டென்று முன்னால் வந்தார்.

“நான்தான்யா சொன்னது. என் நாக்கு தப்பிட்டு. வேற யார் மேலயும் தப்பு கெடையாது.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்பேன் என்று நினைத்ததில்லை. இசக்கி கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. மாமனார் விட்டுவிடவில்லை. தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லலாமா, நாலு பேர் நம்பி வருகிற இடத்தில் பொறுப்பு வேண்டாமா, பச்சைப் பிள்ளை வருகிற வீடு அல்லவா என்று ஒரு வகுப்பே எடுத்தார். கல்லிடைக்குறிச்சிக்காரருக்கு ஒரு நாள் முழுக்கப் பதில் சொன்ன மனிதர், தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஆமா சார், ஆமா சார் என்றார். இடையில் ஒரு தடவை மட்டும் செல்வியைப் பார்த்து, நீ பிள்ளையை உள்ளே கொண்டு போ தாயி, காத்து படுது என்றார்.

அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். உண்மையைச் சொல்லியிருக்கலாமே, எதற்காக இவ்வளவு பேச்சு வாங்கினீர்கள் என்று கேட்டேன். கடை வாசலில் இறங்கி நின்றுதான் பதில் சொன்னார்.

“சொன்னா அந்தப் புள்ள காலம் பூரா ஒவ்வொரு தடவ சொம்பு விளக்குதப்பயும் அத நெனைக்கும்லாவே. சுத்தமா வச்சது ஒரு தப்பா? வீட்டுல சொல்லிராதேயும்.”

மாமனார் சேரன்மகாதேவி போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். சொம்பு அண்ணாச்சி நாக்கு தப்பிவிட்டது, அவரே ஒத்துக்கொண்டார் என்ற செய்தி, வாரம் முடிவதற்குள் பாலத்தைத் தாண்டி டவுனுக்கு வந்துவிட்டது. வரிசை குறைந்தது. பிறகு சொம்போடு யாருமே வரவில்லை. வந்தவர்கள் கேட்டதை வாங்கிக்கொண்டு போனார்கள். அவரும் கேட்டதை எடுத்துக் கொடுத்தார். எதிர்க்கடைக்காரர் மட்டும், தன் கடைக்கு வருகிறவர்களிடம் உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று கேட்க ஆரம்பித்ததாகக் கேள்வி. அண்ணாச்சி யாருக்கும் எதையும் விளக்கவில்லை. நான் அந்தப் பக்கம் போனால் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். அவள் நடக்க ஆரம்பித்தபோது தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். ஸ்டூலில் உட்கார வைத்துக் கையில் ஒரு சின்ன இரும்பு எல்போவைக் கொடுத்தார். அவள் அதை வாயில் வைத்துக் கடித்தாள். இரும்பு நல்லதுதான் என்று சிரித்தார்.

எங்கள் வீட்டில் அவர் பேச்சு வரும்போதெல்லாம் செல்வி, பாவம், வயசானால் நாக்கு தப்பத்தானே செய்யும் என்பாள். நானும் ஆமாம் என்பேன். அவரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இதெல்லாம் அச்சாகி இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் முதலில் படிக்கிறவள் அவள்தான். படிக்கட்டும். படித்துவிட்டு என்னைத் திட்டுவாள். அண்ணாச்சிக்கும் என் மேல் கோபம் வரும். கோபித்துக்கொள்ள அவர் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.